வாசலில் நின்ற அரசன்

"நாட்டை நேசிக்கிறவன் அரசனுக்குக் கதவைச் சாத்தலாமா, அம்மா?"

கேட்டவர் கொம்பையா. அறுபது வயதைத் தாண்டிய பழைய படைவீரர். இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. மறைந்த பெரிய அரசர் மேல் விழ இருந்த வெட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டவர்.

அவர் கேள்வி கேட்டது உலகம்மையிடம். அவளுக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம், சுற்றிலும் கொஞ்சம் கத்தரிச் செடி, சில சீடர்கள். அவ்வளவுதான் அவளுடைய ராஜ்ஜியம்.

"உம்மைவிடச் சின்னவகிட்டப் போயி என்ன பாடம்?" என்று ஊரில் கேட்டார்கள்.

"தாகம் எடுத்தவன் கிணத்துக்கிட்ட வயசு கேப்பானா?" என்று சொல்லிவிட்டு வந்து சேர்ந்தவர் கொம்பையா.

உலகம்மை செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கதவைச் சாத்தணும்னு யாரு சொன்னா அண்ணாச்சி?"

"பழைய வழக்கம் சொல்லுது."

அந்த வழக்கத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தேனாறு ஒரு சின்ன நாடு. மலை ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம். அங்கே புதிய அரசன் முடி சூடுவதற்கு முன்னால் ஒரு குடியானவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். தலையில் கிரீடம் இருக்காது. காலில் செருப்பு இருக்காது. இடுப்பில் வாள் இருக்காது.

"உள்ளே வரலாமா?" என்று கேட்க வேண்டும்.

வீட்டுக்காரர், "இப்ப வேண்டாம்" என்று சொல்ல வேண்டும்.

அரசன் திரும்பிப் போக வேண்டும். அப்படித் திரும்பிப் போனவன் தலையில்தான் தேனாற்றுக்காரர்கள் கிரீடம் வைப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாசலுக்கு வந்தவரை வேண்டாம் என்று சொல்ல அந்த ஊரில் ஒருவருக்கும் வாய் வராது. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வந்து நின்றாலும், முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டாவது "வாங்க" என்று சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஜனங்களுக்கு, அதுவும் அரசனைப் பார்த்து, இந்தச் சொல்லைச் சொல்லச் சொல்லி ஒருவர் பழக்கியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாது. யாராக இருந்தாலும் அவர் இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுகிறேன்.

நாளடைவில் அது கூத்தாகிப் போனது. மேளம் வாசிப்பார்கள். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்பார். அரசரும் சிரித்துக்கொண்டே திரும்புவார். பிறகு எல்லோரும் விருந்துக்குப் போவார்கள். சொன்னவருக்கும் கேட்டவருக்கும் அந்தச் சொல்லில் ருசி போய்விட்டது.

இந்த முறை கூத்தாக இல்லை.

பெரிய அரசர் காலமாகிவிட்டார். மகன் மாறவேளுக்கு மீசை இப்போதுதான் அரும்புகிறது. ஆற்றுக்கு அந்தக் கரையில் எதிரி கூடாரம் அடித்திருக்கிறான். இந்த நேரத்தில், வீட்டுப் பெயர்கள் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஒன்றை எடுத்தார்கள். கொம்பையாவின் பெயர் வந்தது.

"நேத்து அமைச்சர் திருவம்பலம் வீட்டுக்கு வந்தாருமா" என்றார் கொம்பையா.

"என்ன சொன்னார்?"

"இந்தத் தடவை வேண்டாம்னு சொல்லக்கூடாதாம். 'வாருங்கள்'னு சொல்லணுமாம். இளவரசர் உள்ளே வருவாராம். குடிகளே மனசாரக் கதவைத் திறந்துட்டாங்கன்னு அன்னிக்கே பறையடிப்பாங்களாம்."

"அடிச்சு?"

"அதுக்கப்புறம் எந்த வீட்டுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. அரண்மனை ஆள் எந்த வீட்டுக்குள்ளயும் எப்ப வேணும்னாலும் போகலாம். ஒற்றனைத் தேடலாம். நெல்லை எடுக்கலாம். பிள்ளைகளைப் படைக்குக் கூட்டிட்டுப் போகலாம். யாரையும் கேக்க வேண்டாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னுட்டேன். எதிரி நாட்டு வாசல்ல நிக்கான். இப்பப் போயி நமக்குள்ள என்னம்மா வாசலும் கதவும்?"

உலகம்மை அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

"சரின்னு சொல்லியாச்சுல்லா. பிறகு எதுக்கு இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க?"

கொம்பையா கத்தரிப் பிஞ்சு ஒன்றை உற்றுப் பார்த்தார். போர்க்களத்தில் முதுகு காட்டாதவருக்கு அந்தப் பிஞ்சைத் தவிர வேறு எங்கும் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"ஆவுடை பேசமாட்டேங்கா" என்றார் கடைசியில்.

ஆவுடை அவர் மனைவி.

"மதினி கடைசியா என்ன சொன்னாங்க?"

"'வேலி பயிரை மேயக் கிளம்பிட்டு. நீங்க படலைத் திறந்துவிட்டுட்டு நில்லுங்க'ன்னா. அதுக்குப் பிறகு ஒரு வார்த்தை இல்ல."

உலகம்மை சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"குடத்துல உங்க ஓலையைத் தவிர வேற ஓலை இருந்துச்சா?"

"ஊர்ல உள்ள அத்தனை வீட்டு ஓலையும் இருந்துச்சு."

"பாத்தீங்களா?"

"அமைச்சர் சொன்னாரு."

"பாத்தீங்களா?"

"இல்ல."

அவள் அதற்கு மேல் அதைப் பேசவில்லை. கொம்பையாவுக்கு ரோஷம் வந்தது.

"என் வீட்டுல ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. ஒளிக்க ஒண்ணும் இல்லாதவனுக்கு என்ன பயம்?"

"நல்லதாப் போச்சு. நாளைக்கு நான் வீட்டுக்கு வாரேன்" என்றாள் உலகம்மை.

*

மறுநாள் காலையில் வந்தாள்.

வாசலில் நின்று குரல் கொடுக்கவில்லை. கால் கழுவவில்லை. சேற்றுக் காலோடு நேரே உள்ளே போய், கொம்பையா உட்காரும் பலகையில் உட்கார்ந்தாள். பின்னாலேயே சீடர்கள் அத்தனை பேரும் நுழைந்தார்கள்.

"வாங்கம்மா" என்றார் கொம்பையா. வந்து உட்கார்ந்தவளை வேறு எப்படி வரவேற்பது?

ஒரு சீடன் அடுக்களைக்குள் போனான். மூடியிருந்த சட்டிகளைத் திறந்தான். குழம்பை நக்கிப் பார்த்து, "உப்புப் பத்தலை" என்றான். இன்னொருவன் மடித்து வைத்த துணிகளை உதறினான். மற்றொருவன் சுவரைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டான். ஒருத்தி நெல் குதிருக்குள் கை விட்டுத் துழாவினாள்.

ஆவுடை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கணவனிடம் பேசுவதில்லை என்றுதான் இருந்தாள். சுவரிடம் பேசலாம் அல்லவா?

"இடம் குடுத்தா மடத்தைப் பிடுங்குவாங்கன்னு கேட்டிருக்கேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். "மடமே வந்து இடத்தைப் பிடுங்குறதை இன்னிக்குத்தான் பாக்கேன்."

"அம்மா என்ன தேடுதீங்க?" என்றார் கொம்பையா.

"ஒற்றன் யாரும் ஒளிஞ்சிருக்கானான்னுதான்."

"இங்க யாரும்மா ஒளியப் போறா?"

"உங்க நல்லதுக்குத்தான் அண்ணாச்சி. நீங்க பாட்டுக்கு இருங்க."

கொம்பையா இருந்தார். சிரித்த முகமாக இருக்கத்தான் முயன்றார். பாயை விரித்தார்கள். தலையணையைப் பிதுக்கிப் பார்த்தார்கள். ஆவுடையின் மஞ்சள் டப்பாவைத் திறந்து முகர்ந்தார்கள். பெரிய அரசர் தந்த வாளை ஒருவன் எடுத்து, கூர் இருக்கிறதா என்று அவரிடமே கேட்டான். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, பல் மட்டும் மிஞ்சியது.

குரு அல்லவா? எப்படிச் சொல்வது?

அப்போது உலகம்மை எழுந்தாள். பரணைப் பார்த்தாள். அங்கே ஒரு சின்ன மரப்பெட்டி இருந்தது. பலகையை இழுத்துப் போட்டு, அதன் மேல் ஏறி, பெட்டியை நோக்கிக் கையை நீட்டினாள்.

ஆவுடையின் கை இடுப்பிலிருந்து கீழே விழுந்தது.

"அதைத் தொடாதீங்க" என்றார் கொம்பையா.

"உள்ளே என்ன, ஆயுதமா?"

"இல்ல."

"எதிரி குடுத்த பொருளா?"

"இல்ல."

"ஒளிக்க ஒண்ணும் இல்லேன்னு சொன்னீங்களே."

"அது எங்களோடது."

"குருகிட்ட என்ன எங்களோடது, உங்களோடது?"

"கீழே இறங்குங்கம்மா. போயிருங்க."

அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். அது குற்றமும் இல்லை, களவும் இல்லை. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் அறிந்த ஒரு துக்கம். நீங்களும் கேட்காதீர்கள்.

உலகம்மை உடனே இறங்கினாள். வெளியே நடந்தாள். சீடர்கள் எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் பின்னால் போனார்கள்.

வாசலைத் தாண்டியதும் அவள் திரும்பி நின்று கொம்பையாவைக் கும்பிட்டாள். தலை நிமிர நேரம் ஆனது.

*

அடுத்த நாள் கொம்பையா மடத்துக்கு வந்தபோது முகம் வாடியிருந்தது.

"உங்களையே வெளிய போகச் சொல்லிட்டேன்."

"ஆமா."

"தூக்கமே வரலம்மா."

"எனக்கு நல்ல தூக்கம். உங்களுக்கு என் மேல இருந்த அன்பு குறைஞ்சுட்டா?"

"இல்ல."

"எனக்கும் குறையல."

கொம்பையா தலையைச் சொறிந்தார். எதிர்பார்த்து வந்த ஏச்சு கிடைக்காதபோது மனிதனுக்கு ஒரு குழப்பம் வரும். அந்தக் குழப்பத்தில் இருந்தார்.

"ஆனா இது வேற, அது வேற அம்மா. நீங்க குரு. நாட்டு விஷயம் பெரிசு. எதிரி அந்தா நிக்கான். நானும் சண்டையைப் பாத்தவன். அவனை உள்ள விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாது. சொல்லுங்க. உள்ளே வந்தா என்ன செய்வான்?"

"வீடு வீடா நுழைவான்."

"ம்."

"கதவைத் தட்டமாட்டான். உடைச்சுட்டு வருவான். குதிருக்குள்ள இருக்கிற நெல்லை அள்ளுவான்."

"ம்."

"ஆளான பிள்ளைகளை இழுத்துட்டுப் போவான். ஏன்னு யாரும் கேக்க முடியாது. கேட்டா..."

கொம்பையா நிறுத்தினார்.

உலகம்மை குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கூடாரங்களிலிருந்து புகை எழுந்தது. கொம்பையா அந்தக் கரையைப் பார்த்தார். பிறகு திரும்பி, மலையடிவாரத்தில் தெரிந்த அரண்மனையைப் பார்த்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஆனா அவரு நம்ம அரசர் அம்மா" என்றார் மெதுவாக. "நல்ல பிள்ளை. நான் தோள்ல தூக்கி வளத்த பிள்ளை."

"நல்ல பிள்ளைதான். எனக்கும் பிடிக்கும்."

"பிறகு?"

"பிறகு அவருக்கும் மீசை நரைக்கும். அந்த இடத்துல வேற ஒருத்தர் வந்து உக்காருவார். அப்ப நீங்க இருப்பீங்களா? நான் இருப்பேனா? திறந்த கதவு மட்டும் இருக்கும்."

களைகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கையைத் தட்டினாள்.

"நான் ஒண்ணும் சொல்லலை அண்ணாச்சி. வீடு உங்க வீடு. வாய் உங்க வாய்."

*

முடிசூட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் அமைச்சர் திருவம்பலம் மறுபடி வந்தார். செருப்போடு உள்ளே வந்தார். அன்றைக்குத்தான் கொம்பையா அதைக் கவனித்தார். முன்பு வந்தபோதும் அப்படித்தான் வந்திருப்பார்.

"சொல்ல வேண்டியது ஞாபகம் இருக்கிறதா?"

"இருக்குங்க."

"ஒரே ஒரு சொல். வாருங்கள்."

"ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்."

"அந்தக் குடத்தை நான் பாக்கலாமா? உள்ள இருந்த மத்த ஓலைகளை?"

திருவம்பலம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாட்டுப்பற்று உள்ளவன் கேட்கிற கேள்வியா இது?"

கொம்பையா குடத்தைப் பற்றிக் கேட்டார். பதில் கொம்பையாவைப் பற்றி வந்தது. அந்தப் பழைய படைவீரர் படித்தவர் இல்லை. ஆனால் வாளை ஓங்கினால் கேடயம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துப் பழகியவர். அந்தப் பக்கத்தில்தான் மர்மம் இருக்கும்.

"கேட்டுக்கொள்ளும்" என்றார் திருவம்பலம். "இந்த நாட்டில் உமக்கு ஒரு பெயர் இருக்கிறது. தெருவில் நடந்தால் எழுந்து நிற்கிறார்கள். பிள்ளைகளுக்கு உம்மைக் காட்டிச் சோறு ஊட்டுகிறார்கள். நாளை நீர் அந்தச் சொல்லைச் சொல்லாவிட்டால், எதிரி வாசலில் நிற்கும்போது அரசரை வாசலில் நிறுத்தியவன் என்று பெயர் வரும். துரோகி என்று சொல்வார்கள். நான் சொல்ல வேண்டாம், ஊரே சொல்லும்."

போய்விட்டார்.

கொம்பையா இருட்டும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். கையை வெட்டியபோது அவர் அழவில்லை. இந்த ஒரு சொல் அவரை அழ வைத்தது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது அந்தப் பெயர் ஒன்றுதான். வேறு சொத்து அவருக்குக் கிடையாது.

"ஆவுடை" என்றார் உள்ளே பார்த்து. "நாளைக்கு என்னைத் துரோகின்னு சொல்லுவாங்க."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"சோறு போடட்டுமா?" என்றாள் ஆவுடை.

*

பொழுது விடிந்ததும் தெரு நிறைந்துவிட்டது. மாடியிலும் மரத்திலும் ஆட்கள். தெருக்கோடியில் கல்மேடை. மேடையில் ஊர்ப் பெரியவர்கள். அவர்கள் நடுவில் பட்டு விரித்த தட்டில் கிரீடம்.

இளவரசர் மாறவேள் வெறுங்காலோடு நடந்து வந்தார். வெயிலில் முகம் சிவந்திருந்தது. ஒரு பக்கம் அமைச்சர் திருவம்பலம். பின்னால் படை. மேளக்காரர்கள் தயாராக நின்றார்கள். பறையடிப்பவனுக்கு என்ன அடிக்க வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

கொம்பையா கதவின் ஒரு பாதியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். துவைத்த வேட்டி. நெற்றியில் திருநீறு.

இளவரசர் படிக்குக் கீழே நின்றார்.

"பெரியவரே, உள்ளே வரலாமா?"

தெருவே கொம்பையாவின் வாயைப் பார்த்தது. நாற்பது தலைமுறைப் பழக்கம் அந்த வாய்க்குள் உட்கார்ந்திருந்தது. வாங்க என்று சொல்லச் சொல்லி நாக்கை இழுத்தது. வந்தவர் யாரோ இல்லை. தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. வெயிலில் நிற்கிறது.

"இப்ப வேண்டாம், இளவரசே."

அவர் சிரிக்கவில்லை. அதனால் கூட்டத்திலும் யாரும் சிரிக்கவில்லை. மேளக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கிழவருக்குக் காது மந்தம்" என்றார் திருவம்பலம். "மறுபடி கேளுங்கள், மகாராஜா."

"பெரியவரே, உள்ளே வரலாமா?"

"காது கேக்குது, இளவரசே. இப்ப வேண்டாம்."

படைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "துரோகி."

இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. பிறகு பல குரல்கள். கொம்பையா கதவைப் பிடித்துக்கொண்டார். பின்னால் ஆவுடை வந்து நிற்பது அவருக்குத் தெரிந்தது.

இளவரசர் கையை உயர்த்தினார். சத்தம் அடங்கியது. சின்ன வயது. எல்லோர் முன்னாலும் அவமானப்பட்டுவிட்டோமே என்று கண் கலங்கியிருந்தது. கோபமும் இருந்தது.

"என் தகப்பனாருக்காகக் கையைக் கொடுத்தவர் நீர். எனக்கு வாசலைக்கூடக் கொடுக்கமாட்டீரா?"

"இன்னொரு கையும் இருக்கு, இளவரசே. உங்களுக்காக நாளைக்கே ஆத்தைத் தாண்டிப் போறேன்."

"பிறகு ஏன் என்னைத் தடுக்கிறீர்?"

"அந்தக் கையை உங்க அப்பா எடுத்துக்கலை, இளவரசே. நான் குடுத்தேன்."

இளவரசர் அந்த வெட்டுப்பட்ட கையைப் பார்த்தார்.

"பேச்சை வளர்க்க நேரமில்லை" என்றார் திருவம்பலம். "ஒரு படிதான், மகாராஜா. ஏறுங்கள். கிழவரைப் படை பார்த்துக்கொள்ளும்."

இளவரசரின் வலது கால் படியில் ஏறியது. பின்னால் ஈட்டிகள் நகர்ந்தன.

கொம்பையா நகரவில்லை. ஒற்றைக் கையால் கதவைப் பிடித்தபடி நின்றார். ஈட்டியைப் பார்க்கவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். கொம்பையாவின் முகத்தில் வெறுப்பு இல்லை, கெஞ்சலும் இல்லை. தடுமாறி நடக்கிற பிள்ளை விழுமா நிற்குமா என்று பார்க்கிற தகப்பன் முகம்.

நான் பார்த்த வீரங்களில் இதை மேலாக வைக்கிறேன். எதிரிக்கு முன்னால் நிற்கப் பலருக்கு வரும். தான் நேசிக்கிற ஒருவருக்கு முன்னால் இப்படி நிற்பது லேசில் வராது.

கூட்டத்தின் கடைசி வரிசையில் உலகம்மை நின்றுகொண்டிருந்தாள். திருவம்பலம் அவளைக் கண்டுகொண்டார்.

"உங்கள் சீடர்தானே இவர்? என்ன உபதேசம் செய்தீர்கள்?" என்று உரக்கக் கேட்டார்.

"உபதேசம் ஒண்ணும் இல்லைங்க. அழையா விருந்தாளியா அவங்க வீட்டுக்குப் போனேன். போகச் சொன்னாங்க. போயிட்டேன்."

"போய்விட்டீர்களா? குருவாகிய நீங்களா?"

"அவங்க வீடுல்லா?"

இளவரசர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கொம்பையாவைப் பார்த்தார். கதவிடுக்கில் தெரிந்த ஆவுடையைப் பார்த்தார். கடைசியாகப் படியில் இருந்த தன் காலைப் பார்த்தார்.

காலை எடுத்துக் கீழே வைத்தார்.

"மகாராஜா" என்றார் திருவம்பலம்.

"முறைப்படி இன்னும் நான் மகாராஜா இல்லை" என்றார் மாறவேள்.

வீட்டுக்கு முதுகைக் காட்டாமல் நான்கடி பின்னால் நடந்தார். அதன் பிறகு திரும்பினார். படை அவருக்கு வழி விட்டு இரண்டாகப் பிரிந்தது. மேளம் அடிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சுடுகிற மண்ணில் அந்த வெறுங்கால்கள் நடந்து போகிற சத்தம் மட்டும் கேட்டது. துரோகி என்று கத்தியவர்கள் தங்கள் ஈட்டிகளின் அடிப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாறவேள் கல்மேடையில் ஏறித் தலை குனிந்தார். பெரியவர்கள் கிரீடத்தை எடுத்து வைத்தார்கள். எத்தனையோ முடிசூட்டு நடந்த மேடை அது. உண்மையாகவே திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர் தலையில் கிரீடம் வைத்து அவர்களில் யாருக்கும் பழக்கமில்லை.

கூட்டம் வாழ்த்துவதற்கும் மறந்து நின்றது.

கொம்பையா ஆவுடையைப் பார்த்தார். ஆவுடை தலையை அசைத்தாள்.

அவர் சாத்தியிருந்த பாதிக் கதவையும் திறந்தார். இரண்டு பாதியும் சுவரில் போய் முட்டின. படியிறங்கித் தெருவின் நடுவில் வந்து நின்று, கல்மேடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மகாராஜா."

மாறவேள் நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப வாங்க."